பதினான்கு அம்புக்குறிகள்

இதை நான் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன் அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் நான்தான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்தவள் மாதிரி வந்து முடிகிறது. கம்பெனியில் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். எதற்கு அழுத்த வேண்டும்? நாத்தனாரிடம் சொன்னேன். "நீ பண்ணுனது உனக்கே தெரியலையா அண்ணி?" என்றாள். தெரியாமலா சொல்கிறேன்? தெரிந்துதானே சொல்கிறேன்.

அந்தப் போனை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதையே பிடித்துவைத்துக்கொள்கிறார்களாம். நீங்கள் அவினாசி வரைக்கும் போகிறீர்களா? சரி. நான் அதற்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்குவேன், என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையே? டீச்சர்கள்? இல்லை என்றால் சரி.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை, பஞ்சுத் தூசி பறக்கும். அந்தப் பழக்கம். பஸ்ஸில் தூசி இல்லைதான். பழக்கம் எங்கே போகும்.

செக்கிங் என்றால் என்ன என்று கேட்டால், தைத்து முடித்த பனியன் மேஜைக்கு வரும். பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, கழுத்துப் பட்டி கோணினது. எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நல்ல பீஸைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதை மடித்து அந்தப் பக்கம் வைத்துவிடுவோம். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்ப்பேன். என் கண்ணில் தப்பி ஒரு குறை போனது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை மேஜையில் நிற்கும்போது பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. "கனிஷ்கா அம்மாவுங்களா? நாளைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?" ஒரு பெண் குரல். மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசுகிறவர்களை நான் நம்ப மாட்டேன். சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை நம்பலாம் அக்கா, மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள்.

போனேன். பிரமிளா மிஸ் என்று பெயர். பாடம் எடுக்கிற மிஸ் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே இந்த வருஷம் வந்திருக்கிறாளாம். பேசுவதற்கு ஒரு ஆளா? என்ன பேசுவாள்? நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலும் எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அதை அப்புறம் சொல்கிறேன்.

"கனிஷ்கா நல்லா வர்ற பொண்ணுங்கம்மா," என்றாள்.

"எங்கீங்க மிஸ், கையெழுத்தப் பாத்தீங்களா? கோழி கிண்டுன மாதிரி."

"கணக்குல தொண்ணூத்தி ரெண்டு வாங்கியிருக்கா."

"மீதி எட்டு எங்க போச்சாமா?"

மிஸ் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விஷயம் இதுதான். என் மகள் பத்தாவது. பரீட்சைக்குப் பெயர் ஏற்றுகிறார்கள். அதற்குப் போட்டோ வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கே ஒருவரை வரவழைத்து எடுக்கிறார்கள். மூன்று தடவை வந்தாராம், மூன்று தடவையும் இவள் இல்லை. முதல் நாள் வயிற்று வலி. இரண்டாம் நாள் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் லீவு. எனக்கே தெரியாமல் லீவு. வெள்ளிக்கிழமை கடைசி. அன்றைக்கும் நிற்காவிட்டால் பெயர் ஏறாது, பெயர் ஏறாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

மிஸ்ஸிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இவள் போட்டோவுக்கு ஒளிகிறாள் என்று கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன்.

அப்புறம் மிஸ் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாள் எடுத்தாள். அதில் ஒரு பெண்பிள்ளை உருவம், வெறும் கோடாக. தலை, கை, கால், உள்ளே ஒன்றும் இல்லை. "இதுல உங்களுக்கு உங்ககிட்டப் புடிச்ச எடத்துல எல்லாம் ஒரு பூ வரைங்கன்னு குடுத்தனுங்கம்மா. எல்லாரும் ரெண்டு பூ, மூணு பூ வரைஞ்சாங்க. ஒரு பொண்ணு உடம்பு பூராவுமே பூவா வரைஞ்சு குடுத்தா. கனிஷ்கா இதைக் குடுத்தா."

அதில் பூவே இல்லை. அம்பு. சிவப்புப் பேனாவில் சின்னச் சின்ன அம்பு.

"இது என்னன்னு கேட்டேன். அம்மா கம்பெனியில ஒட்டறதுன்னு சொன்னா."

எண்ணினேன். பதினான்கு. பல்லுக்கு ஒன்று. நெற்றிக்கு ஒன்று, அகல நெற்றி அவளுக்கு. கழுத்தில் கருப்பு. முழங்கை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதற்கு ஒன்று. மூக்குக்கு இரண்டு. எல்லாம் நான் சொன்னவைதான் அக்கா, தலை பின்னும்போது, சோறு போடும்போது, உறவுக்காரர்கள் வந்தால் அவர்கள் முன்னால். ஒன்றுகூட இடம் மாறவில்லை. அவ்வளவு சுத்தமாக எங்கள் செக்ஷனில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒட்டத் தெரியாது. என் மகள் என்றால் என் மகள்தான் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இதைச் சொன்னபோதுதான் சூப்பர்வைசர் அம்மா என் கையை அழுத்தினார்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புதிது. நெஞ்சுக்கு நடுவில் ஒரு அம்பு. அங்கே நான் எந்தக் குறையும் சொன்னதில்லை.

"இது என்ன மிஸ்?"

"கேட்டனுங்கம்மா. அது வெளிய தெரியாது, உள்ள இருக்கறதுன்னு சொன்னா."

தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

மிஸ் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "நீங்க அவளப் பத்தி நல்லதா அஞ்சு விஷயம் ஒரு தாள்ல எழுதிக் குடுக்கணும். உங்க கையாலயே. அவ சிரிச்சா எவ்வளவு அழகா இருக்கு, யாராச்சும் சொல்லியிருக்காங்களா அவகிட்ட?"

நான் சட்டென்று அவள் கண் முன்னாலேயே இரண்டு கையையும் நெற்றியில் வைத்துச் சொடக்கு முறித்தேன். வேறு என்ன செய்ய? உப்பும் மிளகாயுமா கையில் வைத்திருக்கிறேன்? எழுந்து வந்துவிட்டேன். யாரோ ஒரு பெண், என் பிள்ளை சிரிப்பதை எதற்கு அவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். வாங்குகிற சம்பளத்துக்காக மட்டும் ஒருத்தி இப்படிப் பார்ப்பாளா?

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். அதற்குத்தான் சொன்னேன், தப்பாகத்தான் வரும் என்று. முன்னாடி நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இப்படித்தான்.

இவளுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை. ஏழு மாதத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாரையும் போல ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் பாசிமணி. அந்த ஸ்டுடியோக்காரர் எடுத்துவிட்டு, "அம்மிணி, இந்த மாதிரி மொகத்த நான் எடுத்ததே இல்ல, ஒரு காப்பி பெருசாப் போட்டு வாசல்ல வெச்சுக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தைந்து வயசு. சரி என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வேலைக்குப் போகிறவர், வருகிறவர், மார்க்கெட்டுக்குப் போகிறவர், எல்லாரும் நின்று பார்த்தார்கள். நானும் தினமும் போய் நின்று பார்த்தேன். யார் குழந்தை என்று கேட்டால், என் குழந்தை என்று சொல்வதற்காகவே நின்றேன்.

ஐந்தாவது வாரம் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் அந்தப் போட்டோ ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. குழந்தை போனது அந்த ஸ்டுடியோக்காரருக்குத் தெரியாது. நான் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனேன்.

டாக்டர் மூளைக் காய்ச்சல் என்று எழுதினார். எழுதட்டும். நான் என் கண்ணால் பார்த்தேன் அக்கா, அத்தனை பேர் நின்று பார்த்ததை.

அதனால் இவள் பிறந்ததும் விடவில்லை. துணியில் சுற்றிக் குப்பைமேட்டில் வைத்தோம். பக்கத்து வீட்டு ராமாத்தாள் வந்து, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். வேண்டாத பிள்ளை, விலையில்லாத பிள்ளை, இதை எடுத்துக்கொண்டு போய் யாருக்கு என்ன ஆகப் போகிறது. கெட்ட கண்ணெல்லாம் அப்படி நினைத்துக்கொண்டு போய்விட வேண்டும். கனிஷ்கா என்பது ரெக்கார்டில். வீட்டில் தவுடு என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு நாள் அவளை நன்றாக இருக்கிறாய் என்று சொன்னது கிடையாது. யாராவது சொல்ல வாயெடுத்தால் நான் முந்திக்கொண்டு ஒரு குறையைச் சொல்லிவிடுவேன். ஆதார் எடுக்கும்போது கன்னத்தில் மை அப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். துடைத்துவிட்டு வா என்று அந்த ஆள் சண்டைக்கு வந்தான். பதினைந்து வருஷம். ஒரு பெரிய காய்ச்சல் வந்ததில்லை அவளுக்கு. யாராவது இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். யாராவது பையன் எழுதிக் கொடுத்திருப்பான், அல்லது அந்த மிஸ் ஏதாவது கொடுத்திருப்பாள். ஒன்றும் இல்லை. போன வருஷம் வகுப்போடு அணைக்கட்டுக்குப் போனபோது எடுத்த போட்டோ ஒன்று இருந்தது, நாற்பது பிள்ளைகள். தேடினேன், தேடினேன். கடைசி வரிசையில் ஒரு உயரமான பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒரு ரிப்பன் மட்டும் தெரிந்தது. அது நான் கட்டிவிட்ட முடிச்சு. அவள் முகம் இல்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டு, அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். எதற்கு வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

அவள் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். வாயை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள். யாரைப் பார்த்துப் பழகினாளோ.

"அந்த மிஸ்கிட்ட என்னாடி சொல்லி வெச்சிருக்கற?"

"ஒன்னும் சொல்லலம்மா. வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன்."

"பூ வரையச் சொன்னா பூவ வரையறது. உன்ன யாரு அம்பு உடச் சொன்னா?"

"பூவ எங்க போடறதுன்னு தெரியலம்மா."

"எங்கியாச்சும் போட்டுத் தொலைக்கறது."

"நீ சொல்லேன். எங்க போட்டிருக்கலாம்?"

குத்திக் கேட்கவில்லை அக்கா. கணக்கில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். சோற்றில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்று இல்லை, பத்து வந்தது. "சோத்தத் தின்னு மொதல்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் இந்த நேரம் பார்த்துப் பேசுவார். "எங்கிட்டக் கேட்டிருந்தா நான் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருப்பேன்."

"நீங்க எழுதுவீங்க. அந்தக் கண்ணாடிப் பொட்டி முன்னாடி எங்கூட நின்னு பல்லக் காட்டுனது யாரு?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகள் அவர் போன பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி இவளிடம் நாங்கள் சொன்னதே இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"போட்டோக்கு நிக்க மாட்டேன்," என்றாள் அப்புறம். "அந்தப் போட்டோதாம்மா மார்க் சீட்ல வரும். காலத்துக்கும் அது இருக்கும். வேலைக்குப் போனாக்கூட அதத்தான் பாப்பாங்க."

"அப்ப பரீட்சை?"

"நீ எழுதிக் குடுத்தா நிக்கறேன். மிஸ் கேட்டத."

பார்த்தீர்களா? இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுதினால் அது தாளில் நிற்கும். வாயால் சொன்னால் காற்றில் போய்விடும், எழுதினால் போகாது. அதுவும் கண்ணாடிப் பெட்டி மாதிரிதான். அந்த மிஸ் படிப்பாள், இன்னொரு மிஸ்ஸிடம் காட்டுவாள். எழுதாவிட்டால் பிள்ளை பரீட்சை எழுத மாட்டாள், என்னை மாதிரி மேஜைக்கு வந்து நிற்பாள். நான் ஆறாவதோடு நின்றேன். பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறேன். அவள் நிற்கக்கூடாது.

புதன், வியாழன், இரண்டு நாளும் தூக்கம் இல்லை. நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு செக்கிங் மேஜையில் வைத்து எழுதினேன். அந்த ஐந்து விஷயம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு எழுத்தும் ஒழுங்காக வராது.

ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறீர்கள். பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மற்றதைப் பார்க்காதீர்கள். இந்தாருங்கள். வேண்டாம், கொடுங்கள், நானே படிக்கிறேன்.

'கனிஷ்காவுக்கு. நான் வேலைக்குக் கிளம்பும்போது என் ஜாக்கெட்டில் ஒட்டியிருக்கிற முடியை நான் கேட்காமலே எடுத்து விடுகிறாய். உன் அப்பாவுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிறாய். கணக்கு உனக்கு வருகிறது, எங்கள் வீட்டில் யாருக்கும் வந்தது இல்லை. அகல நெற்றி உனக்கு, பொட்டு வைக்க இடம் நிறைய இருக்கிறது. உன் பல் என் பல். நீ சிரித்தால் முதலில் பல் வரும், பிறகுதான் சத்தம் வரும். நீ தூங்கின பிறகு நான் அதை நினைத்துச் சிரிப்பேன்.'

நெஞ்சைப் பற்றித் தனியாக ஒன்று எழுத நினைத்தேன். உள்ளே ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்று. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எதற்கு அக்கா கண்ணைத் துடைக்கிறீர்கள்? எனக்கு இதுதான் பயம். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தயவு செய்து சொல்லாதீர்கள். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மைதானே.

பஸ் திரும்பிவிட்டது, அடுத்த ஸ்டாப் நான் இறங்க வேண்டும். பதினொரு மணிக்குப் போட்டோக்காரர் வருவார். இதைப் படித்துவிட்டுத்தான் நிற்பதா வேண்டாமா என்று சொல்வாளாம் என் மகள். இருக்கட்டும். எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் ஒன்றும் ஏமாந்தவள் இல்லை. எழுதி முடித்ததும் மேஜையில் இருந்த ஸ்டிக்கர் ஷீட்டில் ஒன்றை உரித்தேன். இதோ, இந்த மூலையில் சிவப்பாக இருக்கிறதே, அதுதான். எந்த வரியிலும் படாமல் பார்த்து ஒட்டினேன். அம்பு முனை எதையும் காட்டவில்லை பாருங்கள், வெறும் தாளைத்தான் காட்டுகிறது. கண் வைக்கிறவர்கள், இதிலும் ஏதோ டேமேஜ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவார்கள்.